எங்கே பல்சக்கரம், எங்கே வெறும் தண்டவாளம்? ஓடிக்கொண்டிருக்கும் பைத்தான் நிரலில் டைப் சேர்க்கும் வழிகள்

பைத்தானில் '35' என்ற எழுத்துச் சரத்தை 24 என்ற முழு எண்ணால் பெருக்கிப் பாருங்கள். பிழைச் செய்தி வராது. 35ஐ 24 தடவை வரிசையாக ஒட்டி, 48 இலக்கம் கொண்ட சரமாகக் கையில் கொடுக்கும். '12' உடன் '8'ஐக் கூட்டினால் '128'. இந்த இரண்டில் பின்னதுதான் ஆபத்து. 48 இலக்கத் தொகை பில்லில் வந்தால் பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டுத் திருத்துவார்கள். 20 கிலோ இலை 128 கிலோ ஆனது மாதக் கடைசி வரை கண்ணில் படாமலே போகலாம்.

நீலகிரியில் விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் ஒரு தொழிற்சாலையின் கணக்கு நிரலை இந்த ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வோம். கோத்தகிரி, மஞ்சூர், எமரால்டு பக்கக் கிராமங்களில் இலைக் கொட்டகை. அங்கே தராசு, ஒரு ஆண்ட்ராய்டு போன், அதில் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய சின்ன செயலி. சிக்னல் கிடைக்கும்போது சீட்டுகள் தொழிற்சாலைக் கணினிக்குப் போகும். அங்கே பைத்தான் நிரல் ஈரக் கழிவைக் கழித்து, உரத்துக்கும் முன்பணத்துக்கும் பிடித்தது போக, மாத பில் போடும். 60 கோப்புகள், 18,000 வரிகள், பார்த்துக்கொள்ள இரண்டு பேர். ஆறேழு வருடமாக ஓடுகிறது, நிறுத்த முடியாது, எழுதியவர்களில் ஒருவர் கோயம்புத்தூர் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் இப்படிப்பட்ட நிரல்கள்தான் அதிகம்.

இதற்கு டைப், அதாவது எந்த மதிப்பு சரம், எது எண் என்று நிரலிலேயே எழுதிவைக்கும் குறிப்பு, வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த வழியில், எவ்வளவு தூரம் என்பதே கேள்வி. முழுதாக இருக்கட்டும் அல்லது அறவே வேண்டாம் என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை உண்டு. ஜெரமி சீக்கும் வாலித் தாஹாவும் 2006இல் அதற்குப் படிப்படியான டைப் முறை என்று பெயர் வைத்தார்கள்: டைப் எழுதிய பகுதியும் எழுதாத பகுதியும் ஒரே நிரலில் சேர்ந்து வாழலாம், எழுதாத இடத்தில் 'எதுவாகவும் இருக்கலாம்' என்று கருவி எடுத்துக்கொள்ளும். பைத்தானில் 2015இல் வந்த 3.5 பதிப்பு, பெப் 484 என்ற முன்மொழிவு ஆவணத்தின் வழியாக இந்த முறையை அதிகாரபூர்வமாக்கியது.

நம் ஊர் ரயிலே இதற்கு நல்ல படம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். அத்தனை தூரத்துக்கும் பல் தண்டவாளம் போடவில்லை. கல்லாறு முதல் குன்னூர் வரை, 12.5 அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்தில் மட்டும் நடுவில் பல் தண்டவாளம் ஓடுகிறது. குன்னூரில் எஞ்சின் மாறும். அதற்கு மேல் சாதாரணத் தண்டவாளமே போதும். நிரலிலும் செங்குத்து எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். எந்தக் கருவி என்பது அதற்கு அடுத்தது.

அப்படியே விட்டுவிட்டு, சோதனைகளை மட்டும் கூட்டுவது

சோதனை என்பது நிரலை ஓட்டி, வந்த விடை எதிர்பார்த்ததுதானா என்று பார்க்கும் சின்ன நிரல். இந்த வழியைக் கேவலமாகப் பார்க்க வேண்டாம். டைப் பிடிக்காத பிழைகளைச் சோதனைதான் பிடிக்கும், அவற்றில் பல பணத்தைத் தொடுபவை. டெசிமல் (பைத்தானில் காசுக் கணக்குக்கு ஏற்ற எண் டைப்) மதிப்பை இரண்டு இலக்கத்துக்குச் சுருக்கும்போது பைத்தான் இயல்பாகவே பாதியை இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் தள்ளும்: 867.125 என்பது 867.12 ஆகும். விவசாயி தாளில் போட்ட கணக்கில் 867.13 வரும். இரண்டுமே டெசிமல், எந்த டைப் கருவியும் வாய் திறக்காது.

இன்னொன்று இதைவிட மோசம். 'கழிவு அல்லது 5' என்று எழுதும் பழக்கம் பைத்தான் எழுதுபவர்களுக்கு உண்டு: கழிவு பதிவாகவில்லை என்றால் 5 சதவீதம் வைத்துக்கொள் என்று பொருள். ஆனால் பைத்தானின் இந்த 'அல்லது'வுக்குப் பூஜ்யமும் ஒன்றுமில்லாததும் ஒன்றுதான். வெயில் நாளில் இலை காய்ந்து வந்து, மேற்பார்வையாளர் கழிவு 0 என்று குறித்திருந்தாலும் 5 சதவீதம் பிடிக்கப்படும். டைப் சரி, கணக்குத் தப்பு. 'ஒன்றுமில்லை என்றால்' என்று வெளிப்படையாகக் கேட்டு எழுத வேண்டும். அதற்கு ஒரு சோதனையும் வைக்க வேண்டும்.

சோதனை தடுமாறும் இடம் பெயர் மாற்றம். 'எடை' என்ற புலத்தை 'மொத்த எடை', 'நிகர எடை' என்று இரண்டாகப் பிரித்தால் 60 கோப்பிலும் எங்கெங்கே தொட வேண்டும் என்று சோதனை சொல்லாது. அது ஓடிய பாதையில் இருப்பதை மட்டும் சொல்லும். வருடத்துக்கு ஒருமுறை போனஸ் பட்டியல் போடும் கோப்பு அந்தப் பாதையில் இருக்காது. 2,000 வரிக்குள் அடங்கும், ஒருவர் மட்டுமே தொடும் நிரல் என்றால் இந்த வழியோடு நிறுத்திக்கொள்ளலாம். நம் 18,000 வரிக்கு இது மட்டும் போதாது.

டைப் குறிப்பும் மைபையும்

மைபை என்பது யுக்கா லெஹ்தோசாலோ கேம்பிரிட்ஜ் ஆய்வுக் காலத்தில் தொடங்கி, பிறகு டிராப்பாக்ஸில் வளர்ந்த கருவி. டிராப்பாக்ஸ் 2019இல் 40 லட்சம் வரி பைத்தானை இதன் சோதனைக்குக் கொண்டுவந்திருந்தது. நிரலை ஓட்டாமலேயே படித்து, பொருந்தாத இடங்களைச் சொல்லும். நிரல் ஓடும்போது டைப் குறிப்புகளால் எந்தத் தடுப்பும் இல்லை. எடை டெசிமல் என்று எழுதிய ஃபங்ஷனுக்கு (பெயர் சொல்லிக் கூப்பிடும் நிரல் துண்டு) சரத்தை அனுப்பினால் பைத்தான் பேசாமல் வாங்கிக்கொள்ளும்.

முதல் நாளில் எல்லோரும் விழும் குழி இதுதான்: பழைய நிரல் மீது மைபையை ஓட்டினால் 'பிரச்சினை எதுவும் இல்லை' என்று பச்சை எழுத்தில் வரும். காரணம், குறிப்பே இல்லாத ஃபங்ஷனின் உட்புறத்தை அது இயல்பில் பார்ப்பதில்லை. வாங்கும் மதிப்பே இல்லாத ஃபங்ஷனும், 'திருப்பித் தருவது ஒன்றுமில்லை' என்று அம்புக்குறி போட்டு எழுதாதவரை, குறிப்பில்லாதது என்றே கணக்கு. 'செக் அன்டைப்ட் டெஃப்ஸ்' என்ற அமைப்பை முதல் நாளே போடுங்கள். உண்மை நிலவரம் அப்போதுதான் தெரியும்.

அடுத்து எதிலிருந்து தொடங்குவது. எந்தக் கோப்பு எதை எடுத்துப் பயன்படுத்துகிறது என்ற இறக்குமதி வரிசையை ஒரு தாளில் வரையுங்கள். யாரையும் இறக்குமதி செய்யாமல், மற்ற எல்லோராலும் இறக்குமதி செய்யப்படும் கோப்புகள் அடியில் இருக்கும்: எடை, விலை, கழிவு, சீட்டு. அவற்றிலிருந்து மேலே ஏறுங்கள். மேலிருந்து இறங்கினால் உழைப்பு வீண். பில் கோப்பில் அழகாகக் குறிப்பு எழுதியிருப்பீர்கள். அது கூப்பிடும் கழிவு ஃபங்ஷனில் குறிப்பு இல்லாததால் வந்த விடை 'எதுவாகவும் இருக்கலாம்' ஆகி, பில் முழுவதும் பரவிவிடும். இந்த 'எனி' டைப்பைத் தேயிலைச் செடியில் வரும் கொப்புள நோய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு இலையில் தொடங்கி வரிசை முழுக்கப் போகும். ஜேசன் (நிரல்கள் தகவல் பரிமாறும் எழுத்து வடிவம்) படிக்கும் ஃபங்ஷன் எப்போதும் 'எனி'தான் தரும். குறிப்பு இல்லாத வெளி நூலகங்களுக்கு 'இல்லாததைப் பொருட்படுத்தாதே' என்ற அமைப்பைப் போட்டாலும் அதே கதை. அந்த அமைப்பை மொத்தமாகப் போடாமல் நூலகத்தின் பெயர் சொல்லிப் போடுங்கள். மைபை எங்கெங்கே குருடாக இருக்கிறது என்பதை எச்டிஎம்எல் அறிக்கையாகவே எடுக்கலாம்; வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

அமைப்புக் கோப்பில் மாட்யூல் (ஒரு பைத்தான் கோப்பு) வாரியாகக் கண்டிப்பைக் கூட்டலாம். ஒரு நுணுக்கம்: 'ஸ்ட்ரிக்ட்' என்ற ஒற்றைச் சொல்லை மாட்யூல் வாரியாகப் போட முடியாது, அது மொத்த நிரலுக்கும்தான். அதற்குள் அடங்கிய தனித்தனி அமைப்புகளை மாட்யூலுக்கு எழுத வேண்டும். கணக்கு மாட்யூலுக்கு மூன்று போதும்: குறிப்பில்லாத ஃபங்ஷனைத் தடை செய், குறிப்பில்லாததைக் கூப்பிடுவதைத் தடை செய், 'எனி'யைத் திருப்பித் தந்தால் எச்சரி. மொத்த நிரலுக்கு இன்னும் இரண்டு: தேவையில்லாமல் கிடக்கும் விலக்குக் குறிப்புகளை (இந்த வரியின் பிழையைச் சொல்லாதே என்று எழுதியவை) எச்சரி, ஒருபோதும் சமமாக முடியாத ஒப்பீட்டைச் சொல்.

கடைசியாகச் சொன்னது எதற்கென்று தராசைப் பார்த்தால் புரியும். சீரியல் கம்பி வழியாகப் பேசும் எடை இண்டிகேட்டர்களில் பல, முள் நின்றுவிட்டால் வரியின் தொடக்கத்தில் 'எஸ்டி' என்றும், ஆடிக்கொண்டிருந்தால் 'யூஎஸ்' என்றும் அனுப்பும். பைசீரியல் நூலகம் அந்த வரியைப் பைட்டுகளாகத் தரும், சரமாக அல்ல. பைட்டுகளின் முதல் இரண்டைச் சாதாரணச் சரமான 'எஸ்டி'யோடு ஒப்பிட்டால் விடை எப்போதும் பொய், பிழைச் செய்தியும் கிடையாது. மூட்டை தராசில் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் நிரல் 'இன்னும் நிற்கவில்லை' என்றே காத்திருக்கும். பைசீரியலுக்கான டைப் குறிப்புப் பொதியைத் தனியாக நிறுவி, ஒப்பீட்டு அமைப்பையும் போட்டிருந்தால் மைபை அந்த வரியைச் சுட்டிக் காட்டும். பொதி நிறுவாவிட்டால் அதற்கும் தெரியாது.

மைபைக்குப் பிடிபடாதவை சிலவும் இருக்கின்றன. முழு எண் வர வேண்டிய இடத்தில் மெய், பொய் மதிப்பை அனுப்பினால் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் பைத்தானில் பூல் என்பது இன்ட்டின் வாரிசு. மெய் என்பது 1 கிலோவாகிவிடும். டெசிமலுக்குள் சாதாரணத் தசம எண்ணை (ஃப்ளோட்) நேரடியாகப் போட்டாலும் தடுக்காது, டெசிமலுக்குள் 0.1ஐ மேற்கோள் இல்லாமல் போட்டால் 0.1000000000000000055 என்று நீளும் ஒரு எண் உள்ளே உட்காரும். மேற்கோளுக்குள் சரமாகத்தான் கொடுக்க வேண்டும். டெசிமலைத் தசம எண்ணால் பெருக்கினால் மட்டும் மைபையும் கத்தும், ஓட்டினால் பைத்தானும் கத்தும்.

பெரிய விஷயம் அலகு. ஒரு சீட்டில் 38.5 கிலோ, கழிவு 8 சதவீதம், விலை 24.50 ரூபாய். நிகர எடை 35.42 கிலோ, தொகை 867.79. ஒரு கோப்பு கழிவை 8 என்று வைத்திருக்கிறது, இன்னொன்று 0.08 என்று வைத்திருக்கிறது. இரண்டாவதை வாங்கி மறுபடி நூறால் வகுத்தால் நிகர எடை 38.4692 ஆகி, தொகை 942.50க்குப் போகும். ஒரு சீட்டில் 74 ரூபாய் 71 காசு வித்தியாசம். எல்லாமே டெசிமல், அதனால் மைபைக்கு எல்லாமே சரி. வெறும் 'டெசிமல்' என்று குறிப்பு எழுதி முடித்துவிட்டால் இந்தப் பிழை அப்படியே இருக்கும்.

இதற்கு 'நியூடைப்' என்ற வசதி உண்டு: கிலோ, ரூபாய், சதவீதம் என்று டெசிமலுக்கே மூன்று பெயர் வைத்தால், கிலோ கேட்கும் இடத்தில் ரூபாய் போனால் மைபை நிறுத்தும். ஓடும்போது கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை. ஆனால் கிலோவுடன் கிலோவைக் கூட்டினால் வருவது கிலோ அல்ல, வெறும் டெசிமல். ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் மறுபடி பெயர் சூட்ட வேண்டும். அதோடு, கிலோவையும் ரூபாயையும் நேரடியாகக் கூட்டினால் அது தடுக்காது, இரண்டும் அடியில் டெசிமல்தான். ஆகவே பணம் போகும் மாட்யூலில் மட்டும் நியூடைப்பை விட்டுவிட்டு, கிலோ, ரூபாய், கழிவு மூன்றுக்கும் மாற்ற முடியாத சின்ன டேட்டாகிளாஸ் (புலங்களைச் சொல்லி நாமே உருவாக்கும் டைப்) எழுதுங்கள். கிலோவும் கிலோவும் கூடும். கிலோவை விலையால் பெருக்கினால் ரூபாய். மற்றச் செயல்களுக்கு வழியே இல்லை. மூன்றும் சேர்ந்து நூறு வரிக்குள் அடங்கும். இந்த ஒப்பீட்டில் எந்த நூறு வரிக்கும் இவ்வளவு பலன் கிடையாது.

விலை இன்னொரு முக்கியமான இடம். மாத நடுவில் எடை இருக்கும், விலை இருக்காது. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் சராசரி வந்தபிறகுதான் தொகை முடிவாகும். 'விலை: ரூபாய் அல்லது ஒன்றுமில்லை' என்று குறிப்பு எழுதினால், விலை வருவதற்கு முன்பே பெருக்கும் எல்லா இடங்களையும் மைபை வரிசையாகக் காட்டும். விலை இல்லாததற்குப் பூஜ்யம் வைத்துப் பழகிய நிரலில் இந்த ஒரு குறிப்புதான் அதிகப் பிழையைக் கிளப்பும்.

சீட்டை அகராதியாக (சாவி, மதிப்பு ஜோடிகளாக) வைத்திருந்தால், எந்தச் சாவிக்கு எந்த டைப் என்று சொல்லும் டைப்டுடிக்ட் எழுதத் தோன்றும். சதுர அடைப்பில் தப்பான சாவி எழுதினால் மைபை பிடிக்கும்; 'கெட்' மூலம் இயல்பு மதிப்போடு கேட்டால் தப்பான சாவி நழுவிப்போக வாய்ப்பு உண்டு. டேட்டாகிளாஸுக்கு மாற்றினால் இந்தச் சந்தேகமே இல்லை.

குறிப்புகளைக் கையால் எழுத அலுப்பாக இருந்தால், இன்ஸ்டாகிராம் 2017இல் வெளியிட்ட மங்கிடைப் போன்ற கருவி நிரலை ஓடவிட்டுப் பார்த்து, வந்துபோன டைப்புகளைத் தானே எழுதிக்கொடுக்கும். அது பார்த்ததை மட்டும் எழுதும். மாதக் கடைசியில் ஓட்டினால் விலை எப்போதும் ரூபாய் என்றே எழுதிவைக்கும், மாத முதல் வாரத்தில் வரும் 'ஒன்றுமில்லை'யை அது கண்டதே இல்லை. முதல் வரைவாக எடுத்துக்கொள்ளலாம், அப்படியே சேர்த்துவிடக் கூடாது.

பைரைட்: அதே வேலை, வேறு குணம்

மைக்ரோசாஃப்டின் பைரைட், குறிப்பில்லாத ஃபங்ஷனின் உட்புறத்தையும் இயல்பாகவே பார்க்கும். அது என்ன திருப்பித் தருகிறது என்று ஊகித்தும் கொள்ளும். அதனால் முதல் நாளே நூற்றுக்கணக்கில் சிவப்பு வரிகள் கொட்டும். நிரலின் உண்மை நிலவரம் தெரிய இது நல்லது. இரண்டு பேர் உள்ள இடத்தில் மனம் தளரவும் இதுவே காரணமாகும். எடிட்டரில் எழுதும்போதே காட்டுவதில் பைரைட் வேகம். இது டைப்ஸ்கிரிப்டில் (டைப் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) எழுதப்பட்டதால், அதை ஓட்ட நோட் என்ற நிரல் தேவை. பைத்தானின் நிறுவும் கருவியான பிப் மூலம் நிறுவினால் அதைத் தானே இறக்கிக்கொள்ளும். மலையில் மழை நாளில் இணையம் தத்தளிக்கும்போது இந்தப் பதிவிறக்கம் பாதியில் நின்றால் எரிச்சல்தான்.

எடிட்டரில் பைரைட், கமிட்டுக்கு (மாற்றத்தை நிரலில் பதிவு செய்வது) முன் மைபை என்று வைத்துக்கொள்பவர்கள் உண்டு. இரண்டும் சில இடங்களில் ஒத்துப்போகாது. ஒன்றுக்காக எழுதிய விலக்குக் குறிப்பு மற்றதில் தேவையற்றதாகத் தெரியும். கடைசித் தீர்ப்பு எதனுடையது என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். இந்த நிரலுக்கு மைபையையே தீர்ப்புக்கு வைக்கலாம், காரணம் அது அமைதியாகத் தொடங்குகிறது. கண்டிப்பை நாம் கூட்டும் வேகத்தில் கூடும்.

எல்லையில் சோதிப்பது

இதுவரை சொன்னதெல்லாம் நிரல் ஓடுவதற்கு முன். போனிலிருந்து வரும் சீட்டு, சிஎஸ்வி கோப்பு, தராசு வரி ஆகியவை ஓடும்போதுதான் வரும். அவற்றில் என்ன இருக்கிறது என்று மைபைக்குத் தெரிய வழியில்லை. அங்கேதான் பைடான்டிக் மாதிரியான நூலகம். சீட்டின் வடிவத்தை ஒரு கிளாஸாக எழுதிவிட்டால், வரும் ஒவ்வொரு சீட்டையும் அதற்கு எதிராகச் சரிபார்த்து, தப்பானதைக் காரணத்தோடு நிராகரிக்கும். 2023இல் வந்த இரண்டாம் பதிப்பின் உட்கரு ரஸ்டில் எழுதியது. ஒரு நாளின் சில ஆயிரம் சீட்டுகளுக்கு நேரம் ஒரு பொருட்டே இல்லை.

இங்கே மூன்று இடத்தில் கவனம் தேவை. பைடான்டிக் இயல்பில் தாராளம்: '35' என்ற சரம் வந்தால் 35 என்ற எண்ணாக மாற்றி ஏற்றுக்கொள்ளும். போன் செயலி எல்லாவற்றையும் சரமாக அனுப்பும் பழக்கம் உள்ள இடத்தில் இது வசதி. தொழிற்சாலைக் கணினிக்குள் ஒரு மாட்யூலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடத்தில் கண்டிப்பு முறையைப் போட வேண்டும். இரண்டாவது, தெரியாத புலம் வந்தால் இயல்பில் சத்தமில்லாமல் விட்டுவிடும். செயலியில் யாரோ 'கழிவு' என்ற புலத்தின் பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாக எழுதி, சீட்டின் கிளாஸில் அதற்கு இயல்பு மதிப்பு 0 என்று இருந்தால், ஈர இலைக்கெல்லாம் கழிவே இல்லாமல் பில் போகும். கூடுதல் புலங்களைத் தடை செய்யும் அமைப்பைப் போடுங்கள். பணத்தைத் தொடும் புலத்துக்கு இயல்பு மதிப்பே வைக்காதீர்கள். மூன்றாவது, எல்லைகள்: எடை பூஜ்யத்துக்கு மேல், ஒரு மூட்டைக்கு உங்கள் கொட்டகையில் நடக்கக்கூடிய அதிகபட்சத்துக்குள். அந்த 128 கிலோ இங்கேதான் பிடிபடும். டைப் சரியாக இருந்தும் தப்பாக உள்ளே வரும் எண்ணைப் பிடிக்கும் ஒரே வலை இது.

நிராகரித்த சீட்டை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் இந்த வழியே கெட்ட பெயர் வாங்கும். ஒரு சீட்டு தப்பு என்று மொத்தத் தொகுப்பையும் நிறுத்தக் கூடாது. இலை அதற்குள் வாட்டும் தொட்டிக்குப் போயிருக்கும், திருப்பித் தர முடியாது, விவசாயிக்குப் பணம் உண்டு. தப்பான சீட்டைத் தனிக் கோப்பில் ஒதுக்கி, காரணத்தை ஒரே வரித் தமிழில் எழுதி, அன்று மாலையே கொட்டகை மேற்பார்வையாளரின் போனுக்கு அனுப்புங்கள். காகிதச் சீட்டு கையில் இருக்கும்வரைதான் திருத்தம் சுலபம்.

இன்னொரு மலைப் பிரச்சினை: வடகிழக்குப் பருவமழையில் மின்சாரமும் சிக்னலும் போனால் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் சீட்டுகள் வந்து சேரும். அதற்குள் செயலியைப் புதுப்பித்திருந்தால் பழைய வடிவச் சீட்டும் புதிய வடிவச் சீட்டும் கலந்து வரும். ஒவ்வொரு சீட்டிலும் வடிவ எண் ஒன்று வையுங்கள். பழைய வடிவத்தின் கிளாஸை ஒரு பருவம் முழுக்க வைத்திருங்கள்.

எல்லையில் மட்டும் சோதித்தால் போதாதா? உள்ளே நுழைந்தபின் கழிவு 8ஆ 0.08ஆ என்ற குழப்பத்தை எல்லைக் காவல் பார்க்காது. மைபை மட்டும் போதாதா? வாசலில் சரம் நுழைந்துவிட்டால் உள்ளே எழுதிய குறிப்பெல்லாம் பொய். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

சில மொழிகள் இந்த எல்லைக் காவலைத் தாமே செய்கின்றன. பிஎச்பி 7இலிருந்து எண், சரம் போன்ற டைப்புகளை ஃபங்ஷன் வாசலில் ஓடும்போதே சரிபார்க்கிறது. டைப்ட் ராக்கெட் என்ற மொழி, டைப் உள்ள பகுதியும் இல்லாத பகுதியும் தொடும் ஒவ்வொரு இடத்திலும் காவல் போடும். அதன் விலை என்னவென்று 2016இல் வந்த ஓர் ஆய்வு அளந்தபோது, பாதி டைப், பாதி இல்லை என்ற சில கலவைகளில் நிரல் 100 மடங்குக்கும் மேல் மெதுவானது தெரிந்தது. எல்லையை அடிக்கடி தாண்டுவதுதான் செலவு. பைத்தானில் நாம் கையால் காவல் போடும்போதும் இதையே நினைவில் வைக்கலாம்: எஞ்சின் மாற்றுவது குன்னூரில் ஒருமுறை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அல்ல.

போன் பக்கம்

செயலி ஜாவாஸ்கிரிப்ட் என்பதால் அங்கே தேர்வு இரண்டு. கோப்புகளை டைப்ஸ்கிரிப்டுக்கு மாற்றுவது ஒன்று. கோப்பைத் தொடாமல், ஜேஎஸ்டாக் குறிப்புரையில் டைப் எழுதி, டைப்ஸ்கிரிப்ட் கருவியைச் சோதிக்க மட்டும் பயன்படுத்துவது மற்றொன்று. 1,500 வரிச் செயலிக்கு இரண்டாவதே நல்லது: மொழிமாற்றும் படி ஒன்று கூடாது, கோப்பின் தலையில் ஒரு குறிப்புரை வரி போட்டால் அந்தக் கோப்புக்கு மட்டும் சோதனை தொடங்கும். எந்த வழியானாலும் 'ஒன்றுமில்லை' பற்றிய கண்டிப்பைப் போட்டுவிடுங்கள். போனில் சேமித்ததை எடுத்தால் வருவது சரம் அல்லது ஒன்றுமில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் பெருக்கலில் '35'ஐத் தானே எண்ணாக்கி 840 என்று சரியாகவே சொல்லும், கூட்டலில் மட்டும் ஒட்டும். அதனால் பெருக்கல் பார்த்துச் சோதித்தவர் கூட்டலில் ஏமாறுவார். எடை என்று எழுதிய பெட்டியிலிருந்து வருவது எப்போதும் சரம். இரண்டு சரங்களைப் பெரிது சிறிது பார்த்தால் '9.5' என்பது '10.2'ஐவிடப் பெரிது, அதை டைப்ஸ்கிரிப்டும் தடுக்காது. பெட்டியிலிருந்து எடுத்த கையோடு எண்ணாக்கும் ஒரே ஒரு ஃபங்ஷனை எழுதி, வேறு எங்கும் பெட்டியைத் தொடாதபடி வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

வேறு மொழியில் புதிதாக எழுதுவது

கோ என்ற மொழியிலோ ஜாவாவிலோ மறுபடி எழுதலாம் என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். 18,000 வரியில் ஆறேழு வருட விதிவிலக்குகள் புதைந்திருக்கும்: இந்த ஊர் வண்டிக்கு வாடகை தனி, அந்தக் குடும்பத்தின் இரண்டு பாஸ்புக்குக்கு ஒரே முன்பணம் என்று. அவை எங்கும் எழுதியிருக்காது. புதிய நிரல் அவற்றை மாதாமாதம் விவசாயியின் புகாராகத்தான் கற்றுக்கொள்ளும். தராசோடு பேசும் பகுதியை மட்டும் தனி நிரலாக எடுத்து எழுதுவது நியாயமான அளவு. மற்றதைத் தொட வேண்டாம்.

என்ன செய்யலாம்

இந்த நிரலுக்கு எங்கள் தேர்வு: வாசலில் பைடான்டிக், கணக்கு மாட்யூல்களில் கண்டிப்பான மைபை, கிலோ, ரூபாய், கழிவுக்குத் தனி கிளாஸ், காசுச் சுருக்கத்துக்கும் பூஜ்யக் கழிவுக்கும் சோதனை. மற்ற 40 சொச்சம் கோப்புகளுக்குக் குறிப்பு வேண்டியதில்லை.

வரிசை முக்கியம். முதல் வாரம் வாசலில் பைடான்டிக்கை வைத்து, நிராகரிக்காமல் பதிவு மட்டும் செய்யவிடுங்கள். எவ்வளவு தப்பு வருகிறது என்று தெரியும். இரண்டாம் வாரம் அந்த நூறு வரி கிளாஸ்கள். மூன்று, நான்காம் வாரம் கழிவு, விலை, பில் மாட்யூல்களில் அடியிலிருந்து மேலே குறிப்புகள். ஐந்தாம் வாரம் மைபையைக் கமிட்டுக்கு முன் கட்டாயமாக்கி, பைடான்டிக்கை உண்மையாகவே நிராகரிக்கவிடுங்கள். அதற்கு முன் ஒரு முழு மாதச் சீட்டுகளைப் பழைய நிரலிலும் புதிய நிரலிலும் ஓட்டி, பில்லைக் காசு வரை ஒப்பிட வேண்டும். வித்தியாசம் வந்தால் புதியதுதான் தப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல தடவை பழையதுதான் தப்பாக இருக்கும். அப்போது விவசாயிக்குத் தர வேண்டிய பாக்கியை யார் தீர்மானிப்பது என்று நிர்வாகத்திடம் முன்பே பேசிவைப்பது நல்லது.

விலக்குக் குறிப்பு போட வேண்டி வந்தால் வெறுமனே போடாமல், எந்தப் பிழைக்கு என்று அதன் குறியீட்டைச் சதுர அடைப்பில் சேர்த்து எழுதுங்கள். வெறும் விலக்கு அந்த வரியில் நாளைக்கு வரப்போகும் புதுப் பிழையையும் சேர்த்து மறைக்கும். கணக்கு மாட்யூலில் விலக்குகள் பத்தைத் தாண்டினால் டேட்டாவின் வடிவத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது என்று பொருள்.

மாற்றத்தைத் தொடங்கும் மாதம் டிசம்பர், ஜனவரி. உறைபனியில் இலை வரத்து குறைந்து, ஒதுக்கிய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆளுக்கு நேரம் இருக்கும். கோடை மழைக்குப் பிறகு ஏப்ரல், மே மாதங்களில் இலை குவியும்போது கண்டிப்பு அமைப்பு எதையும் புதிதாகத் திறக்காதீர்கள். அந்த வாரங்களில் ஒதுக்கிய கோப்பு நிரம்பினால், யாராவது ஒருவர் சோதனையையே அணைத்துவிடுவார், மறுபடி போட யாருக்கும் நினைவிருக்காது.